சனிக்கிழமை நாற்காலி

சாவதற்குள் ஒரு சனிக்கிழமை சாயங்காலமாவது நான் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும்.

இது ஒரு லட்சியமா என்று நீங்கள் கேட்கலாம். சிலர் மலை ஏறுகிறார்கள். சிலர் கடல் தாண்டுகிறார்கள். எனக்கு ஹாலில் ஜன்னல் ஓரம் வரை போனால் போதும். அங்கேதான் அது இருக்கிறது. கை வைக்க அகலமான மரம், முதுகுக்கு மெத்தை, தலை சாய்க்க ஒரு திண்டு. போனஸ் வந்த வருஷம் நானே கடை கடையாக ஏறி, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்து வாங்கினேன். கடையில் உட்கார்ந்ததோடு சரி.

திங்கள் முதல் வெள்ளி வரை அதில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். கொடியிலிருந்து எடுப்பதை மடிக்கும் வரை அங்கே குவித்து வைப்பது என் மனைவியின் ஏற்பாடு.

"இதைக் கொஞ்சம் எடுத்து வெச்சுட்டு நான் உட்காரட்டுமா?"

"எங்க எடுத்து வைப்பீங்க?"

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வருவார். செருப்பைக் கழற்றுவார், நேராகப் போவார், உட்காருவார். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்போதுதான் எழுந்திருப்பார். அவர் போன பிறகும் மெத்தையில் அவர் இருந்த பள்ளம் இருக்கும். அதில் என்னால் பொருந்த முடியாது. அவர் கனமான மனிதர்.

சனிக்கிழமை மத்தியானம் துணி மடிக்கப்பட்டு அலமாரிக்குள் போய்விடும். மாமனார் வர மறுநாள் ஆகும். ஆக, வாரத்தில் என் நாற்காலி காலியாக இருப்பது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். அந்தச் சாயங்காலம்தான் நாங்கள் வெளியே சாப்பிடப் போவோம்.

ஒரு வாரம் தப்பாது. மழையோ, காய்ச்சலோ, எதுவும் நிறுத்தாது. எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கின அன்றைக்கும் போனோம். "நீங்க சூப் குடிங்க" என்றாள் மனைவி. குடித்தேன். பாதி சட்டையில் போயிற்று.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்டரில் இருக்கிறேன். முதுகில்லாத ஸ்டூல். எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கத்துவார், நான் கேட்பேன். தண்ணீர் வரவில்லை என்பார். வந்தால் நாறுகிறது என்பார். நாறாத நாளில் கலங்கலாக வருகிறது என்பார். எல்லாவற்றுக்கும் நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். "ஆவன செய்கிறோம்." எது ஆவன, அதை யார் செய்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு புகாராவது தீர்ந்துபோய் நான் கண்ணால் கண்டதில்லை. புகார் என்றால் வாயால் சொல்வது. சொன்னதும் அதன் ஆயுள் முடிந்துவிடும். இப்படி ஒரு நம்பிக்கை என் எலும்புவரை ஊறிக் கிடந்தது. என்னைக் கவிழ்த்தது அதுதான்.

என் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க நின்றபடி வேலை. தைத்து வருகிற சட்டையின் காலரைத் திருப்பிப் பார்ப்பாள், பட்டனை இழுத்துப் பார்ப்பாள், தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒரு குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர்.

"ஒரு பட்டன் கொஞ்சம் தள்ளியிருக்கு. அதுக்காக முழுச் சட்டையையும் ரிஜெக்ட் பண்ணுவியா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"போட்டுக்கறவங்க கண்ணுக்கு அந்தப் பட்டன் மட்டும்தாங்க தெரியும்."

வீட்டிலும் அதே சட்டம்தான். காய்கறிக்காரர் ஒரே ஒரு நாள் தராசில் விரல் வைத்தார், ரிஜெக்ட். என் சித்தப்பா ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார், ரிஜெக்ட். ஸ்டிக்கர் ஒட்டின சட்டை அதற்கப்புறம் எங்கே போகும் என்று மட்டும் நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு வேன்காரர் இருக்கிறார். வாடகைக்குச் சாமான் ஏற்றுகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் என்னை நிறுத்தினார்.

"என்னண்ணே, முகம் தொங்கிப் போயிருக்கு?"

"நாளைக்கு சனிக்கிழமை."

"ஊர் உலகமே அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு."

"ஊர் உலகத்துக்கு உட்கார இடம் இருக்குப்பா."

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"வரலைன்னு சொல்லிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"'சரி, செருப்பைப் போடுங்க'ன்னா."

அவர் டீயை ஆற்றினார். "அண்ணி காலடி வைக்கிற மாதிரி ஹோட்டல் இந்த ஊர்ல எத்தனை தேறும்?"

"ஒரு கை விரலுக்குள்ள அடங்கிடும்."

"ஒண்ணுல குறை கண்டா அப்புறம் அங்க போவாங்களா?"

"அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டா."

"அப்ப குறை கண்டுபிடிங்க. வாரத்துக்கு ஒரு கடை. எல்லாம் தீந்துடும். அப்புறம் போறதுக்கு இடமேது? நாற்காலில நிம்மதியா உட்காருங்க."

எனக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது. வேனில் சாமான் ஏற்றுகிற மனிதருக்குள் இப்படி ஒரு மூளை.

"எனக்குக் குறை சொல்லிப் பழக்கமே இல்லையேப்பா."

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கேக்கறீங்கல்ல? அதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க."

மறுநாள் மூலைக்கடைக்குப் போனோம். எங்கள் தெரு முனையிலேயே இருக்கும் கடை. தட்டு வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டேன். தொண்டையைச் செருமினேன்.

"நாற்காலி ஆடுது."

"ஆடாம உட்காருங்க."

"நான் ஆடலைம்மா. அதுதான் ஆடுது."

அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. தொழில் வெளிச்சம். என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து முன்னும் பின்னும் சாய்ந்து பார்த்தாள். பரிமாறுகிறவரை உட்கார வைத்தாள். கல்லாவிலிருந்து கடைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் உட்கார வைத்தாள். எல்லோரும் ஆடினார்கள்.

"ரிஜெக்ட்" என்றாள், மெதுவாக.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நெஞ்சுக்குள் யாரோ மேளம் கொட்டினார்கள். மீதிச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். அவள் வெளியே வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. கல்லாவில் சில்லறைத் தகராறு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது மாடி ஹோட்டல். அங்கே பாட்டு வைப்பார்கள்.

"சத்தம் தாங்கலை. நீ பேசறது ஒண்ணும் கேக்கலை."

"வீட்டுலயும் உங்களுக்குக் கேக்காது."

"வீட்டுல கேக்கும். பதில்தான் சொல்ல மாட்டேன்."

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு வாயை அசைத்து ஏதோ சொன்னாள். "இப்ப என்ன சொன்னேன்?"

"தெரியலையே."

"இந்த மாசம் முழுக்க நீங்கதான் பாத்திரம் கழுவப் போறீங்கன்னு சொன்னேன். தலையாட்டினீங்க."

தலையாட்டியது உண்மைதான். பழக்க தோஷம். ஹோட்டல் ரிஜெக்ட் ஆயிற்று. பாத்திரம் என் தலையில் விழுந்தது. பெரிய காரியத்தில் சின்னச் சேதம் இருக்கத்தான் செய்யும் என்று தேற்றிக்கொண்டேன்.

கண்ணாடி ஹோட்டலில் நாலு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்.

"நான் மெல்லறதை நாலு பக்கமும் நானே பார்க்க வேண்டியிருக்கு. சாப்பாடு இறங்கலை."

"இத்தனை வருஷமா ஒரு பக்கத்துலேருந்து நான் பார்க்கறேன். எனக்கு இறங்கலையா?"

அவளே நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். நாலு நானும் வாயில் ரொட்டியோடு அவளைத் திரும்பிப் பார்த்தோம். "குறைதான்" என்று ஒத்துக்கொண்டாள்.

மீன்தொட்டி ஹோட்டலுக்குப் போவதற்குள் எனக்குக் கை தேர்ந்துவிட்டது. வாசலிலேயே பெரிய தொட்டி. அதையொட்டித்தான் எங்கள் மேஜை. இருவருக்கும் வறுத்த மீன் கேட்டேன். வந்தது. தொட்டிக்குள் இருந்த ஒரு மஞ்சள் மீன் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு என் தட்டையே பார்த்தது.

"அது பார்க்குது."

"மீன் எதைப் பார்க்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீயே பாரு."

பார்த்தாள். தட்டை இந்தப் பக்கம் நகர்த்தினாள், மீன் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் போயிற்று. அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அன்றைக்கு இரண்டு தட்டு மீனையும் நான்தான் சாப்பிட்டேன், தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கடை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சின்ன இடம். ஒருவர் சமைப்பார், அவர் தங்கை பரிமாறுவார். நான் அங்கே அதிகம் போனதில்லை. போய் உட்கார்ந்த பிறகுதான் ஆபத்து புரிந்தது.

அந்தக் கடையில் குறையே இல்லை.

மேஜையைத் தடவிப் பார்த்தேன், பிசுக்கில்லை. தம்ளரைத் தூக்கிப் பார்த்தேன், அழுக்கில்லை. தண்ணீர் கலங்கலில்லை, நாற்றமுமில்லை. அதில் எனக்கு அனுபவம் உண்டு. சத்தமில்லை, கண்ணாடியில்லை, மீன் இல்லை. கீரையைச் சாப்பிட்டுப் பார்த்தேன். இவ்வளவு நல்ல கீரையை வாழ்க்கையில் நான் சாப்பிட்டதில்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

கடைக்காரரின் தங்கை என் மனைவி முன்னால் தட்டை வைத்து, "சூடா இருக்குக்கா, பார்த்துச் சாப்பிடுங்க" என்றார். மனைவி உடனே சாப்பிடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கறே? முடி கிடி இருக்கா?" என்றேன், ஆசையாக.

"இல்லங்க. வாரம் பூரா நான் தட்டு வைக்கறேன். உங்களுக்கு வைக்கறேன், அப்பாவுக்கு வைக்கறேன். யாராவது ஒருத்தர் கொண்டு வந்து என் முன்னால வைக்கறது இந்த ஒரு நாள்தான். அதான் கொஞ்சம் பார்த்துக்கறேன்."

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. நிஜமாகவே. இந்தக் கடையை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவள் காலைப் பார்த்தேன். நாள் முழுக்க நின்று பாதம் வீங்கி, செருப்பு வார் அழுத்தின தடம் தெரிந்தது. பாவம்தான். அதே நேரம் பின்னால் சாயலாம் என்று நினைத்துச் சாய்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கவிழ்ந்து விழப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கடையில் எல்லாமே ஸ்டூல்.

இரக்கம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"முதுகுக்குச் சாய்மானம் இல்லை" என்றேன்.

"ஓ."

"நாள் பூரா ஆபீஸ்லயும் ஸ்டூலு. இங்க வந்தும் ஸ்டூலா? சாப்பாடு நல்லாத்தான் இருக்கு. நம்ம வீட்டு நாற்காலி மாதிரி ஒண்ணு இங்க இருந்துட்டா, இந்தக் கடையை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. ஜெயிக்கப் போகிறவனுக்கு வருகிற தாராளம் அது.

"வேற ஏதாவது குறை இருக்கா?"

"வேற ஒண்ணும் இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாற்காலி ஒண்ணுதானே?"

"அது ஒண்ணேதான்."

"சரி. ரிஜெக்ட்" என்றாள். பிறகு ஆற அமரச் சாப்பிட்டாள். கடைக்காரரின் தங்கையோடு கல்லா ஓரமாக நின்று ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்தாள். நான் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த பஸ்ஸிலாவது ஏறி நேராக அடுத்த சனிக்கிழமைக்குப் போய்விட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அந்த வாரம் முழுக்க நான் வேறு மனிதனாக இருந்தேன். கவுண்டரில் ஒருவர் குழாயிலிருந்து புழு வருவதாகக் கத்தினார். அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பயந்துபோய்ப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை ரேடியோவை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினேன். கால் நீட்டிக்கொள்ள ஒரு மரப்பெட்டியை நாற்காலிக்கு எதிரே இழுத்துப் போட்டேன்.

"இது என்னத்துக்கு?" என்றாள் மனைவி, துணிக்குவியலுக்குப் பின்னாலிருந்து.

"நாளைக்கு எங்கயும் போறதுக்கு இடமில்லையே. சும்மா உட்காரலாம்னு."

"உட்காருங்க. நானே சொல்லணும்னு இருந்தேன்."

என்ன நல்ல பெண் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அலுவலகம் விட்டதும் எங்கும் நிற்கவில்லை. படியேறும்போதே சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். கதவைத் திறந்தேன். ரேடியோ இருந்தது. மரப்பெட்டி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் தரையில் நாலு கால் இருந்த தடமும், ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்த என் சீப்பும் இருந்தன.

மனைவி தலை வாரி, புடவை மாற்றி, பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நாற்காலி எங்கே?"

"முன்னாலேயே போயிடுச்சு. பட்டனைப் போடுங்க, நாமளும் போகலாம்."

"எங்கே போயிடுச்சு?"

"நீங்க எங்க இருக்கணும்னு சொன்னீங்களோ அங்கதான்."

உட்காரலாம் என்று பார்த்தேன். உட்கார ஒன்றுமில்லை. மரப்பெட்டியில் உட்கார்ந்தேன்.

"நீதானே அந்தக் கடையை ரிஜெக்ட் பண்ணே?"

"ஆமா. ரிஜெக்ட் ஆன சட்டையைக் குப்பையிலயா போடுவாங்க? அப்படிப் போட்டா எங்க முதலாளி நடுத்தெருவுக்கு வந்துடுவார். குறையைச் சொல்லி ஆல்டரேஷனுக்கு அனுப்புவோம். சரி பண்ணித் திரும்ப அனுப்புவாங்க. மறுபடி செக்கிங் பண்ணணும். எழுந்திருங்க."

படியில் வேன்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் டீத் தம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நீயாப்பா ஏத்திக்கிட்டுப் போனே?"

"அண்ணி கேட்டா நான் என்னண்ணே பண்றது? அலுங்காம குலுங்காம இறக்கினேன். ஒரு கீறல் இல்ல."

கடைத்தெருவில் நடந்தோம். மூலைக்கடை வாசலில் கடைக்காரர் காத்துக்கொண்டிருந்தார். என்னை உள்ளே இழுத்துப் போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். "ஆடுதா சார்? எல்லாத்துக்கும் கால் மாத்திட்டோம். அம்மா சொன்னாங்க, நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டீங்கன்னு." ஆடவில்லை. எழுந்து வந்தேன். மாடி ஹோட்டலைத் தாண்டும்போது பாட்டு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குக் கேட்டது. கண்ணாடி ஹோட்டலில் நாலு சுவருக்கும் திரை போட்டிருந்தார்கள். மீன்தொட்டியைத் தூக்கிக் கல்லாவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். மஞ்சள் மீன் இப்போது கடைக்காரரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷம் புகார்களுக்கு நடுவே குப்பை கொட்டியிருக்கிறேன். புகார் சொன்னால் அதைச் சரி செய்துவிடுவார்கள் என்கிற விபரீதம் எனக்கு எப்படித் தோன்றும்?

"அப்ப ஒவ்வொரு கடையிலயும் நீ கல்லாவுல நின்னு பேசினது இதைத்தானா?"

"பின்ன? நீங்க சொல்லுவீங்களா போய்? உங்களுக்கு எங்கிட்ட சொல்லத்தான் தெரியும்."

"எனக்காகவா இவ்வளவும் பண்ணினே?"

அவள் நடந்துகொண்டே சொன்னாள். "உப்பே போடாத குழம்பைக்கூட வாயைத் திறக்காம சாப்பிட்ட மனுஷன் நீங்க. திடீர்னு வாரா வாரம் நாக்கு நீளுதுன்னா எனக்குத் தெரியாதா? நான் செக்கிங்ல இருக்கேங்க."

கொஞ்ச தூரம் போன பிறகு, "எல்லாத்தையும் மறுபடி பார்த்தாகணும். சனிக்கிழமை மட்டும் போதாது. புதன்கிழமையும் போகலாம்னு இருக்கேன்" என்றாள்.

களைப்பாக இருந்தது. ஆனாலும் ஒரு சின்ன ஆறுதல் மனதின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கே இருந்தால் என்ன, நாற்காலி என்னுடையது. இன்றைக்கு சனிக்கிழமை. இப்போது சாயங்காலம். போய் உட்காரப் போகிறேன். மூன்றும் ஒன்றாகச் சேருவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. ஹோட்டலாக இருந்தாலும் பரவாயில்லை என்று நடையை எட்டிப் போட்டேன்.

பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடைக்குள் நுழைந்தோம். ஜன்னல் ஓரத்தில், நல்ல காற்று வருகிற இடத்தில், என் நாற்காலி. மெத்தை, திண்டு, அகலமான கை எல்லாம் அப்படியே இருந்தன. அதில் என் மாமனார் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார். எழுந்திருப்பதுபோல் கொஞ்சம் அசைந்தார். அசைவோடு நின்றுவிட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன்.

"அப்பாவுக்கு அந்த நாற்காலியை விட்டா வேற எதுலயும் முதுகு நிக்காதுங்க. நாளைக்கு வீட்டுக்கு வந்து எதுல உட்காருவார்? அதான் சனிக்கிழமை இங்கயே வந்துடுங்கன்னு சொல்லிட்டேன். இனிமே ஞாயித்துக்கிழமை உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. வீட்டுல நிம்மதியா உட்காரலாம்."

"எதுல?"

அதை அவள் காதில் வாங்கவில்லை. கடைக்காரரின் தங்கை ஒரு ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டார். உட்கார்ந்தேன். மனைவி முன்னால் தட்டு வந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கீரையை ஒரு வாய் வைத்தாள். முகம் மலர்ந்துபோயிற்று. அது அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மாமனார் திண்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு இடுப்பில் ஆரம்பித்த வலி மெல்ல மேலே ஏறியது.

"என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு? இங்க இன்னும் ஏதாவது குறை இருக்கா? சொல்லுங்க, சரி பண்ணிடலாம்."

வாயைத் திறந்தேன். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தேன். வேன்காரர் வேனைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

வீட்டில் இன்னும் என் கட்டில் மிச்சம் இருக்கிறது. "ஒரு குறையும் இல்லம்மா" என்றேன்.